இயந்திரத்துக்கும் மூச்சு வேண்டும்: லோடர்களின் அக்சில் பிறீதரும் பிறேக்கும்

திருகோணமலை மாவட்டத்தில் லோடர் எனப்படும் பாரம் அள்ளும் இயந்திரம் இல்லாத பெரிய வேலைத்தலம் இன்று அரிது. சீனன்குடாவில் சீமெந்துக்கான மூலப்பொருள் குவியல்களிலும், புல்மோட்டையின் இல்மனைற் மணல் மேடுகளிலும், கந்தளாய்ப் பக்கத்துக் கல்லுடைக்கும் இடங்களிலும், மகாவலி கொட்டியாரக் குடாவைச் சேரும் மூதூர், கிண்ணியாப் பகுதிகளின் மணல் இடங்களிலும் இவ்வகை இயந்திரங்களே பாரம் சுமக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுவந்து போட்ட இடிபாடுகளை அள்ளியவையும், 2009இல் யுத்தம் முடிந்த பின் வீதிகளையும் பாலங்களையும் அமைக்க வந்தவையும் இவையே.

இவற்றை ஓட்டுகிறவர்களில் பலர் எமது கிராமத்து இளைஞர்கள். பெரும்பாலானோர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து வந்தவர்கள் அல்லர். மாமனுக்கோ அண்ணனுக்கோ உதவியாளாகப் போய், பார்த்துப் பழகி, ஒருநாள் இருக்கையில் ஏறியவர்கள். இயந்திரத்தோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். அதுவும் கந்தோர் அலுமாரியில் இருக்கும். எனவே அள்ளவும் கொட்டவும் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு, இயந்திரத்தின் அடியில் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமற் போகின்றது. இந்தப் பாடம் அந்தப் பிள்ளைக்காகவும், கடன்பட்டுப் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடும் சிறு உரிமையாளருக்காகவும் எழுதப்படுகின்றது. இங்கே நாம் இரண்டு பொருள்களையே பார்க்கப் போகிறோம். ஒன்று, பெருவிரலளவான பிறீதர். மற்றது, பல தொன் எடையை நிறுத்தும் பிறேக். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை விளங்கிக்கொண்டால் பாடத்தின் பாதி முடிந்தது.

1. அக்சில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

லோடரின் முன்னும் பின்னும் உள்ள அக்சில் என்பது மூடப்பட்ட ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் பற்சில்லுகளும் பெயாரிங்குகளும், பல இயந்திரங்களில் பிறேக் தட்டுகளும், ஒயிலில் தோய்ந்தபடி சுழல்கின்றன. பெட்டி முழுவதும் ஒயில் நிரப்பப்படுவதில்லை. மேற்பகுதியில் காற்றுக்கு இடம் விடப்படுகிறது. தண்டுகள் வெளியே வரும் இடங்களில் ஒயில் சிந்தாமலிருக்க இறப்பர் விளிம்புள்ள சீல்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன.

வேலை தொடங்கியதும் ஒயில் சூடேறுகிறது. சூடேறினால் காற்றும் விரியும், ஒயிலும் விரியும். பாடசாலையில் படித்த வாயு விதியை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம். ஒரு பெட்டியில் 30 லீற்றர் ஒயிலும் 10 லீற்றர் காற்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் 30 பாகை செல்சியசாக இருந்த வெப்பநிலை நண்பகலில் 90 பாகையை அடைகிறது. ஒயில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.07 சதவீதம் விரியும் என்று கொண்டால், 60 பாகைக்கு 30 லீற்றர் ஒயில் ஒன்றேகால் லீற்றர் அளவு கூடிவிடும். காற்றுக்கு எஞ்சுவது எட்டே முக்கால் லீற்றர் இடந்தான். அந்தக் குறுகிய இடத்தில் சூடான காற்றின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1.37 மடங்காகின்றது. அதாவது உள்ளேயிருந்து 0.37 பார் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 5 இறாத்தலுக்கு மேல், வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இறப்பர் விளிம்புச் சீல்களோ பெரும்பாலும் அரை பாருக்கும் குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டவை. பழைய, தேய்ந்த சீல் அதிலும் குறைவாகவே தாங்கும்.

இந்த அழுத்தம் சேராமல் காற்றை வெளியே விடுவதற்காகவே அக்சிலின் மேற்புறத்தில் பிறீதர் வைக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் அது சிறு மூடியுள்ள குமிழாக இருக்கும். சிலவற்றில் ஒரு குழாய் மூலம் உயரத்துக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கும். பகலில் அது மூச்சை வெளியே விடுகிறது. இரவில் பெட்டி ஆறும்போது மூச்சை உள்ளே எடுக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான்.

2. மூச்சு அடைத்தால்

பிறீதர் அடைபட்டால் காற்று வேறு வழி தேடும். அந்த வழி சீல்தான். முதலில் சீலின் விளிம்பில் ஒயில் கசியும். பின்னர் சில்லின் உட்புறத்திலும் ரயரின் பக்கத்திலும் கறுத்த ஈரம் தெரியும். "சீல் பழுது" என்று சொல்லிச் சில்லைக் கழற்றிப் புதுச் சீல் போடுவார்கள். சில கிழமையில் அதுவும் கசியும். அடைபட்ட பிறீதரைப் பாராமல் சீலை மாற்றுவது, வாசலைப் பூட்டிவிட்டுக் கூரையைத் திருத்துவது போன்றது.

ஒயில் வெளியேறுவது பாதித் தீமையே. மறு பாதி இரவில் நடக்கிறது. பகலில் காற்று சீல் வழியே வெளியேறிவிட்டதால், பெட்டி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. மூச்சு வழி அடைபட்டிருப்பதால் அது சீல் வழியாகவே வெளியிலுள்ளதை இழுக்கும். அங்கே சேறு இருந்தால் சேறு, உப்புத் தண்ணீர் இருந்தால் உப்புத் தண்ணீர். சூடான இயந்திரத்தை அப்படியே ஆற்றிலோ கடலோரத்திலோ இறக்கினால் இது சில நிமிடங்களிலேயே நடந்துவிடும். உள்ளே போன தண்ணீர் ஒயிலைப் பால்போல் வெளுக்கச் செய்து, பெயாரிங்குகளில் துருவை உண்டாக்குகிறது.

இப்படிப்பட்ட இயந்திரம் ஒன்றை நான் பார்த்தேன். பின் அக்சிலின் பிறீதர் இருந்த இடத்தில் ஒரு போல்ற் இறுக்கப்பட்டிருந்தது. கேட்டபோது, "சுவாமி, அதாலை ஒயில் ஒரே சிந்துது, அதுதான் போல்ற்றைப் போட்டு இறுக்கிப்போட்டம்" என்றார் ஓட்டுபவர். அவர் சோம்பலால் அதைச் செய்யவில்லை. சிந்துவதை நிறுத்தவே செய்தார். ஆனால் பிறீதரால் ஒயில் சிந்தினால் அது நோயன்று, நோயின் அறிகுறி. ஒயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கலாம். அல்லது, ஒயிலில் தோயும் பிறேக் உள்ள இயந்திரங்களில், பிறேக் பிஸ்ரனின் சீல் கிழிந்து, பிறேக்கை அழுத்தும் ஹைட்ரோலிக் ஒயில் அக்சிலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால், போல்ற்றை இறுக்கியவர் பிறேக் பழுதைச் சொல்ல வந்த வாயையே அடைத்துவிட்டார்.

3. எமது மாவட்டத்தில் அடைப்பு விரைவில் உண்டாவதேன்?

கையேட்டிலுள்ள காலஅளவுகள் சாதாரண நிலைமைக்குரியவை. எமது துறைமுகப் பகுதி சாதாரண நிலைமை அன்று. சீமெந்துத் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் கல்லாக இறுகும். பிறீதரின் மூடிக்கடியில் இறுகினாலும் அது கல்லே. கடற்காற்றிலுள்ள உப்பு மூடியின் சிறு சுருளைத் துருப்பிடிக்கச் செய்து, அசையாமல் ஒட்டவைத்துவிடும். புல்மோட்டைக் கரையின் கனிய மணல் பாரமானது, கடினமானது. சீலின் விளிம்பில் சிக்கினால் தண்டையே அராவிவிடும். ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரையான மாரி மழையில் பள்ளங்களெல்லாம் நீர் நிறைந்திருக்கும்.

இவற்றோடு மனிதர் செய்யும் இரண்டு தவறுகளும் உண்டு. இயந்திரத்துக்குப் புது வர்ணம் அடிக்கும்போது பிறீதருக்கும் சேர்த்து அடித்து மூடிவிடுவது ஒன்று. கழுவும்போது அமுக்க நீரைப் பிறீதரின் மேல் நேராகப் பாய்ச்சுவது மற்றொன்று.

4. பிறேக் எவ்வளவு வேலை செய்கிறது?

17 தொன் லோடர் ஒன்று பக்கற்றில் 3 தொன் ஏற்றிக்கொண்டு மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அதை நிறுத்தும்போது பிறேக்குகள் ஏறத்தாழ 700 கிலோயூல் சக்தியை வெப்பமாக மாற்ற வேண்டும். 30 பாகையிலுள்ள 2 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரை ஒரே தரத்தில் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வேகத்தைப் பாதியாக்கினால், அந்த வெப்பம் நாலில் ஒன்றாகக் குறையும். அதே இயந்திரம் 10 மீற்றர் உயரமுள்ள சரிவிலிருந்து பிறேக்கை மட்டும் நம்பி இறங்கினால், சமதரையில் நிறுத்துவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் உண்டாகும். ஆகவேதான் சரிவில் இறங்குமுன் குறைந்த கியருக்கு வரவேண்டும் என்றும், நியூற்றலில் உருட்டக்கூடாது என்றும் சொல்கிறோம்.

பிறேக்கில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. பழைய லோடர்கள் பலவற்றில் தட்டு வெளியே இருக்கும். காற்றழுத்தம் பிறேக் எண்ணெயைத் தள்ள, அது கட்டைகளைத் தட்டோடு அழுத்தும். இதில் சீலால் கசியும் கியர் ஒயில் தட்டிலும் கட்டைகளிலும் பட்டால் பிடிப்புப் போய்விடும். புதிய லோடர்கள் பலவற்றில் தட்டுகள் அக்சிலுக்குள்ளேயே ஒயிலில் தோய்ந்திருக்கும். அங்கே ஒயில்தான் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒயில் கசிந்து குறைந்தால் தட்டுகள் தீய்ந்துபோகும். இரு வகையிலும் அடைபட்ட பிறீதர் கடைசியில் பிறேக்கையே கெடுக்கிறது என்பதைக் கவனிக்கவும்.

பிறேக் எண்ணெய் பாவிக்கும் இயந்திரங்களில் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காதிருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய நிலையில் அதற்குரிய எல்லை 140 பாகைதான். கொதித்தால் குழாயில் நீராவி உண்டாகி, பெடல் பஞ்சுபோல் அமிழும். துறைமுக ஈரத்தில் திறந்து வைத்த போத்தலை மீண்டும் பாவிக்காதீர்கள். பிறேக் எண்ணெய் உள்ள இடத்தில் ஹைட்ரோலிக் ஒயிலையும், ஹைட்ரோலிக் ஒயில் உள்ள இடத்தில் பிறேக் எண்ணெயையும் ஊற்றாதீர்கள். இறப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

5. செய்ய வேண்டிய வேலை

முதலில் பாதுகாப்பு. சமதரையில் நிறுத்தி, பக்கற்றை நிலத்தில் வைத்து, நிறுத்து பிறேக்கைப் போட்டு, எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்துவிடவும். சில்லுகளுக்குக் கட்டை கொடுக்கவும். நடுவில் மடியும் லோடரானால் நடுப் பூட்டுச் சட்டத்தைப் போடாமல் இடையில் ஒருவரும் நுழையக்கூடாது. மடியும் இடத்தில் அகப்பட்டவர் தப்புவதில்லை. பிறேக் குழாய் எதையும் கழற்றுமுன், சேமிப்புக் கலத்திலுள்ள அழுத்தத்தைப் பெடலைப் பலமுறை மிதித்து இறக்கிவிடவும்.

பிறீதர்:

(அ) அக்சில் ஆறிய பின்னரே கை வைக்கவும். சூடாக இருக்கையில் உள்ளழுத்தத்தால் ஒயில் சீறிப் பாயலாம்.

(ஆ) சுற்றியுள்ள மண்ணையும் தூளையும் முதலில் தூரிகையால் அகற்றித் துடைக்கவும். இல்லாவிட்டால் கழற்றும்போது எல்லாம் உள்ளே விழும்.

(இ) மெதுவாகத் தளர்த்தவும். "புஸ்" என்று காற்று வந்தால், பிறீதர் அடைபட்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

(ஈ) டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி, உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்று ஊதி உலர்த்தவும். மூடி உள்ளதானால் விரலால் அசைத்துப் பார்க்கவும். அசையாவிட்டால் புதியது போடவும். அக்சிலின் பாகங்களுள் மிக மலிவானவற்றில் இது ஒன்று.

(உ) கழற்றிய இடத்தைத் திறந்து விடவேண்டாம். சுத்தமான துணியால் மூடவும். திரும்பப் போடாமல் இயந்திரத்தை வேலைக்கு அனுப்பவேண்டாம்.

(ஊ) நீரில் அடிக்கடி இறங்கும் இயந்திரமாயின், உற்பத்தியாளர் அனுமதிக்கும் முறையில் பிறீதரைக் குழாய் மூலம் உயரத்துக்கு ஏற்றலாமா என்று முகவரிடம் கேட்கவும்.

ஒயில்:

இயந்திரம் ஓர் இரவு நின்ற பின் காலையில், அடித்திருகியைச் சற்றுத் தளர்த்தி ஒரு சிறு போத்தலில் ஒயில் பிடிக்கவும். தண்ணீர் ஒயிலிலும் பாரமானதால் முதலில் அதுவே வரும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தாலும் தண்ணீர் கலந்திருக்கிறது என்றே பொருள். காந்தத் திருகியில் மெல்லிய சாம்பல்நிறப் பசை இருப்பது வழமை. கையில் குத்தும் இரும்புத் துணுக்கு இருப்பது வழமையன்று. ஒயில் மட்டம் குறைவதைப் போலவே கூடுவதையும் எச்சரிக்கையாகக் கொள்ளவும். ஒயிலில் தோயும் பிறேக்குக்குக் கையேட்டில் சொல்லப்பட்ட வகை ஒயிலையே ஊற்றவும். வேறு கியர் ஒயில் ஊற்றினால் பிறேக் பிடிக்கும்போது முனகலும் நடுக்கமும் வரும்.

பிறேக்:

ஒவ்வொரு நாளும் வேலைக்குமுன், ஆட்கள் இல்லாத சமதரையில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பார்க்கவும். ஒரு பக்கம் இழுக்கிறதா, பெடல் ஆழமாகப் போகிறதா என்று கவனிக்கவும். காற்றுப் பிறேக் உள்ளதில், காற்றுத்தாங்கியின் அடித்திருகியைத் தினமும் திறந்து தண்ணீரை வெளியேற்றவும். சேமிப்புக் கலம் உள்ளதில், எஞ்சினை நிறுத்திய பின் எத்தனை மிதிக்கு அழுத்தம் நிற்கிறது என்று எண்ணி எழுதிவைக்கவும். கையேடு சொல்லும் எண்ணிக்கையிலும் குறைந்தால் கலத்தின் நைதரசன் குறைந்திருக்கலாம். அதற்குரிய தொழில்நுட்பவியலாளரை அழைக்கவும். நிறுத்து பிறேக்கையும் கையேட்டில் சொல்லப்பட்டபடி தனியாகப் பரிசோதிக்கவும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? பிறீதரைக் கிழமைக்கு ஒருமுறை கண்ணாலும் கையாலும் பார்ப்பது எமது மாவட்டத்துக்கு மிகையன்று. கடல்நீரிலோ வெள்ளத்திலோ இறங்கினால் அன்றே பார்க்கவும். ஒயில் மாற்றும் கணக்கைக் கையேட்டின்படியும் மணிமானியின்படியும் எழுதிவையுங்கள். ஓர் அப்பியாசக் கொப்பி போதும்.

6. அறிகுறியும் காரணமும்

ரயரின் உட்புறம் ஒயில்: பிறீதர் அடைப்பு, அல்லது சீல் தேய்வு. பிறீதரை முதலில் பார்க்கவும்.

பிறீதரால் ஒயில் சிந்துதல்: ஒயில் மிகுதி, அல்லது பிறேக் பிஸ்ரன் சீல் கசிவு. அடைக்க வேண்டாம், காரணத்தைத் தேடவும்.

ஒயில் வெளுத்தல்: தண்ணீர். ஒயிலை முழுவதும் மாற்றி, தண்ணீர் நுழைந்த வழியைக் கண்டுபிடிக்கவும்.

பெடல் பஞ்சுபோல் அமிழ்தல்: குழாயில் காற்று, அல்லது கொதித்த எண்ணெய். இயந்திரத்தை நிறுத்தவும்.

ஒரு சில்லு மட்டும் அதிகம் சூடாதல்: பிறேக் விடாமல் பிடித்திருக்கிறது, அல்லது பெயாரிங் பழுது.

7. யாருடைய பொறுப்பு?

இவையெல்லாம் தெரிந்த பின்னரும் ஒரு கடினமான கேள்வி எஞ்சுகிறது. நாட்கூலிக்கு ஓட்டும் ஓர் இளைஞன் காலையில் பிறேக் மிதித்துப் பார்க்கிறான், பிடிக்கவில்லை. கப்பல் காத்து நிற்கிறது, லொறிகள் வரிசையில் நிற்கின்றன. "இன்றைக்கு மட்டும் சமாளி தம்பி" என்கிறார் மேற்பார்வையாளர். மறுத்தால் நாளை வேலையில்லை. ஏறினால், பின்னால் சல்லி கூட்டுகிற பெண்ணின் உயிர் அவன் காலின் கீழ் இருக்கிறது. இந்தச் சுமையை அந்த இளைஞனின் தலையில் மட்டும் வைப்பது நியாயமன்று.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும். அங்கிருந்து ஒருவர் விழுந்து இறந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. விழுந்தவர் கவனமாக நடந்தாரா என்று அங்கே முதலில் கேட்கப்படவில்லை. சுவர் கட்டப்பட்டதா என்றே கேட்கப்படுகிறது. லோடரின் பிறேக் அப்படியொரு கைப்பிடிச் சுவர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், மூலதனத்தைவிட உழைப்புக்கே முதலிடம் என்று போதித்தார். இயந்திரம் மூலதனம், அதன்மேல் இருப்பவரும் அதன் அருகில் நடப்பவரும் மனிதர்.

சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. எமது நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது காயமடைந்தவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் நட்டஈடு பெற வழிவகுக்கிறது. ஆனால் நட்டஈடு விபத்துக்குப் பின் வருவது. பிறீதரைக் கழுவுவது விபத்துக்கு முன் செய்வது. உரிமையாளர் பிறேக் திருத்தும்வரை இயந்திரத்தை நிறுத்திவைக்கும் நாளின் கூலியையும் ஓட்டுநருக்குக் கொடுக்க முன்வருவாரானால், பொய் சொல்லி ஓட்டும் தேவை யாருக்கும் வராது. இதைத் தனியொருவர் கேட்பது கடினம். ஒரு வேலைத்தலத்து ஓட்டுநர்கள் எல்லோரும் சேர்ந்து, பரிசோதனைக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், கேட்பதற்கு ஆதாரம் இருக்கும்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது ஊரில் ஓடும் லோடர், உழவு இயந்திரம், லொறி ஆகியவற்றின் அக்சிலில் பிறீதர் எங்கே இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் ஒன்றையாவது தேடிப் பார்த்து வாருங்கள்.

2. 30 லீற்றர் ஒயிலும் 10 லீற்றர் காற்றும் உள்ள கணக்கை, வெப்பநிலை 70 பாகை மட்டும் ஏறினதாக வைத்து, அதாவது 30இலிருந்து 100 வரை, மீண்டும் செய்து பாருங்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் உதவலாம்.

3. பிறேக் பிடிக்காத இயந்திரத்தை ஓட்ட மறுத்ததால் வேலை இழந்தவர் எமது பங்கில் இருக்கிறாரா? அவருக்கு நாம் என்ன செய்தோம்?

4. ஆங்கிலக் கையேட்டின் பராமரிப்புப் பக்கங்களைத் தமிழில் எழுதிக்கொடுக்க எமது ஊரில் யாரால் முடியும்? ஓட்டுநர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் ஒரு மாலை சேர்ந்து இருந்தால் இரண்டு பக்கம் முடிந்துவிடும். அந்த இரண்டு பக்கத்தையும் இயந்திரத்தின் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.